புள்ளிக்குக் காம்பு

எழுத்துக்கு மேலே வைக்கிற புள்ளிக்குக் காம்பு உண்டா என்று எந்தத் தமிழ் வாத்தியாரிடம் கேட்டாலும் சிரிப்பார். எங்கள் தொழிலில் உண்டு. நான் பேப்பர் வெட்டுகிறவள். ஒரே தாளில், ஒட்டுப் போடாமல், பூவும் கொடியும் மயிலும் எழுத்துமாக வெட்டி எடுப்பது என் வேலை. வெட்டி முடித்ததும் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் மொத்தமும் கூடவே எழுந்து வர வேண்டும். ஒரு துண்டு பாயில் தங்கினாலும் அது வேலையில் சேர்த்தி இல்லை.

எழுத்து வெட்டும்போது 'க' வரும், 'ம' வரும், ஒரு வம்பும் கிடையாது. 'க்' வந்தால்தான் வம்பு. புள்ளி அந்தரத்தில் நிற்கிற சாமான். சுற்றிலும் வெட்டினால் விழுந்துவிடும். அதனால் எழுத்தின் தலையிலிருந்து புள்ளி வரைக்கும் மெல்லிய இழை ஒன்றை வெட்டாமல் விடுவோம். அதுதான் காம்பு. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் புள்ளி மட்டும்தான் தெரியும். கிட்டே வந்து மூக்கை வைத்துப் பார்க்கிறவர்களுக்குக் காம்பும் தெரியும். அப்படிப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஆர்ட்டிஸ்டுகள்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று எங்கள் சங்கத்தில் கேட்டார்கள். மடிப்பு எப்படிப் போடுவது, பிளேடு எப்படிப் பிடிப்பது என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் என்னைப் பார்க்கிற எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஒத்தப் புள்ளிய வச்சு சங்கத் தலைவரையே கவுத்துட்டீகளாமே?" சரி, அதையே எழுதிவிடுகிறேன்.

1. கத்தரிக்கோல் பிடிக்கிறவர்கள் சங்கம்

எனக்குப் பேர் ரஹ்மத். ஊர் குமுளி மலைக்குக் கீழே பள்ளத்தாக்கில் இருக்கிற உத்தமபாளையம். என் அத்தா தர்கா சந்தனக்கூட்டுக்குப் பேப்பர் வேலை செய்தவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிப் பழகினேன். கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. என் வீட்டுக்காரர் காதர் சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் வேலை பார்ப்பதைப் பற்றி அவர் அபிப்பிராயத்தைக் கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார்: "நீ வெட்டு, நான் சோறாக்குறேன்னெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா நீ வெட்டுறப்ப பசிக்குதுன்னு வந்து நிக்க மாட்டேன்." சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பசித்தால் பரோட்டாக் கடைக்குப் போய்விடுவார்.

தொண்ணூற்றெட்டு வாக்கில் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. கல்யாண மேடை, கோயில் சப்பரம், சர்ச்சில் கிறிஸ்துமஸ் குடில், எல்லா இடத்துக்கும் என் மயில்கள் போய்க்கொண்டிருந்தன. என் பேர் மட்டும் எங்கேயும் போகவில்லை. காரணம், எங்கள் பக்கத்து மண்டபக்காரர்கள் ஓவியர் சங்கத்துக் கார்டு இருக்கிறவருக்குத்தான் மேடை வேலை கொடுப்பார்கள். கார்டுக்காரர் ஆர்டர் பிடிப்பார். வெட்டுகிற வேலையை என்னிடம் தள்ளிவிடுவார். கட்டி முடித்ததும் மேடையின் கீழ் மூலையில் தன் பேரைப் போட்டுப் பக்கத்தில் 'ஆர்ட்ஸ்' என்று எழுதிக்கொள்வார். அதே கல்யாணத்துக்கு நான் பத்திரிகை வாங்கி, மொய் வைத்து, என் மயிலுக்குக் கீழே இன்னொருவர் பேரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வருவேன்.

கார்டு கேட்டுச் சங்கத்துக்குப் போனேன். தலைவர் செல்லையா அண்ணன். போர்ட்ரெயிட் ஆர்ட்டிஸ்ட். பைபாஸ் ரோட்டில் அவர் வரைந்து நிறுத்திய கட்அவுட்டுகளைப் பார்த்து பஸ்ஸில் போகிறவர்கள் தலையைத் திருப்புவார்கள். கண்ணில் உயிர் வைப்பார் மனிதர். இந்தப் பள்ளத்தாக்கிலேயே நான் மனதார ஆர்ட்டிஸ்ட் என்று சொல்வது அவரைத்தான். வினையே அங்கேதான். வேறு யாராவது முடியாது என்று சொல்லியிருந்தால் போங்கய்யா என்று எழுந்து வந்திருப்பேன்.

"ஏத்தா, பிரஷ் புடிப்பியா?" என்றார்.

"இல்லண்ணே. கத்தரிக்கோலு, பிளேடு."

"கத்தரிக்கோல் புடிக்கிறவுகளுக்கு பஜார்ல தனியா சங்கம் இருக்கே. டெய்லர் சங்கம். அங்கன கேட்டியா?"

பக்கத்தில் இருந்த செயலாளர் தங்கராசு, போர்டு எழுதுகிறவர், தலைவர் சொன்னதற்குச் சிரிப்பதைத் தன் கடமையாக வைத்திருந்தார். சிரித்தார்.

கொண்டுபோயிருந்த ஒரு 'நல்வரவு' தாளை எடுத்துக் கொடுத்தேன். செல்லையா அண்ணன் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் விரல் நேராக 'ல்' மேலே போய் நின்றது.

"வேல நல்லாத்தான் இருக்கு. இதென்ன புள்ளிக்கு வாலு?"

"வாலு இல்லண்ணே. காம்பு."

"புள்ளின்னா தனியா நிக்கணும்த்தா. ஒண்ணைப் புடிச்சுக்கிட்டு நின்னா அது புள்ளி இல்ல. ஆர்ட்டிஸ்டும் அப்படித்தான்."

அவர் அப்போது ரெண்டு கட்சிப் பிரமுகர்களை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற காலம். அதைச் சொல்லவில்லை. கார்டு கேட்டு வந்த இடத்தில் அதையெல்லாம் சொல்ல முடியாது.

அதிலிருந்து வருஷா வருஷம் கேட்டேன். வருஷா வருஷம் டெய்லர் சங்கத்துக்கு வழி சொன்னார்.

2. வாலா, கார்டா

ஓவியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் எப்போதும் ஆடியில்தான் நடக்கும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. மேடை கிடையாது, வாழ்த்து போர்டு கிடையாது. உறுப்பினர்கள் எல்லாரும் வீட்டில் சும்மா இருந்து பெண்டாட்டியிடம் பேச்சு வாங்குகிற மாதம். கூட்டம் என்றால் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்துவிடுவார்கள். ஆடியில் எங்கள் பள்ளத்தாக்கில் காற்று எப்படி அடிக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் கூட்டத்துக்குத் தேதி குறிக்கும்போது யாரும் காற்றை நினைப்பதில்லை.

நான் கேட்க ஆரம்பித்து நாலாவது வருஷம் சங்கத்துக்குள் புகைச்சல். செல்லையா அண்ணன் பல வருஷமாகப் போட்டியில்லாமல் தலைவர். தங்கராசுவுக்கு அந்த நாற்காலி மேல் ஒரு கண் என்று ஊருக்கே தெரியும். இந்த முறை எதிர்த்து நிற்கப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. அந்த நேரத்தில்தான் செல்லையா அண்ணன் என் வீட்டுக்கு வந்தார்.

"மேடைக்குப் பின்னால கட்டுற மாதிரி 'தலைவர் வெல்க'ன்னு ஒண்ணு வெட்டிக் குடு, ஆத்தா."

"நீங்களே எழுதுனா இன்னும் எடுப்பா இருக்குமேண்ணே."

"எனக்கு நானே வாழ்த்து எழுதவா? பாக்குறவன் என்ன சொல்லுவான்?" கொஞ்சம் நிறுத்தி, "இந்தக் கூட்டத்துலயே ஒன் கார்டு விசயத்தையும் எடுத்து முடிச்சிருவோம்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷம்தான்.

மெரூன் கலர் வெல்வெட் பேப்பரில், மேலே கீழே கொடி பார்டர் விட்டு, நடுவில் எழுத்தை வெட்டினேன். 'தலைவர் வெல்க'வில் ரெண்டே புள்ளிகள். ர் மேலே ஒன்று, ல் மேலே ஒன்று. ரெண்டுக்கும் காம்பு. மூலையைப் பிடித்துத் தூக்கினேன், மொத்தமும் வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் வெட்டியதில்லை. செல்லையா அண்ணன் பார்க்க வந்தார். மூக்கை வைத்துப் பார்த்தார்.

"வாலை எடு."

"எடுத்தா விழுந்துரும்ணே."

"பின்னாடி கொசுவலைத் துணி குடுத்து, புள்ளிய அதுல ஒட்டு."

"வலையில பசை நிக்காதுண்ணே. ஆடிக் காத்து வேற."

"ஒட்டுறதுக்குத்தான பசை விக்கிறாக." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஏத்தா, ஒனக்குக் கார்டு வேணுமா, வாலு வேணுமா?"

அவர் போன பிறகு பிளேடை எடுத்து ரெண்டு காம்பையும் வெட்டினேன். மறுபடி தூக்கினேன். எழுத்து எல்லாம் வந்தது. புள்ளிகள் ரெண்டும் பாயில் கிடந்தன. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பரோட்டா சாப்பிடப் போய்விட்டார்.

3. வெலக

கூட்டம் ஒரு திறந்த கொட்டகையில். மேடையில் தலைவர் நாற்காலிக்கு நேர் பின்னால், புள்ளிகளைக் கொசுவலையில் ஒட்டிய என் வேலையைக் கட்டினார்கள். அதாவது, அது எல்லார் கண்ணுக்கும் தெரியும், தலைவருக்கு மட்டும் தெரியாது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அங்கே வந்த ஒரே பொம்பளை நான்தான்.

செல்லையா அண்ணன் மைக்கைப் பிடித்து ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கிழக்குப் பக்கம் தட்டி இல்லை, மேற்குப் பக்கம் இருந்த தட்டியும் பேருக்குத்தான். குமுளி மலையிலிருந்து ஒரு காற்று இறங்கி வந்தது. ர் மேலே இருந்த புள்ளி ஆடியது. விழவில்லை. ல் மேலே இருந்தது ஆடக்கூட இல்லை. நேராகக் கழன்று, மேடையில் வைத்திருந்த காராபூந்தித் தட்டில் போய் உட்கார்ந்தது.

இப்போது போர்டைப் படித்துப் பாருங்கள். தலைவர் வெலக.

விலகு என்பதை எங்கள் பக்கம் வெலகு என்றுதான் சொல்வோம். வந்திருந்த அத்தனை பேரும் எழுத்து எழுதிப் பிழைக்கிறவர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. முன் வரிசையில் ஒருத்தர் பக்கத்து ஆள் தொடையில் கிள்ளினார். அங்கிருந்து சிரிப்பு பின்னால் வந்தது. தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து செல்லையா அண்ணன் ஒற்றுமைக்கு இன்னொரு உதாரணம் சொன்னார். சிரிப்பு கூடியது. அவருக்கும் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

"தலைவர் வெலகன்னுல்ல போட்டிருக்கு" என்றது ஒரு குரல்.

"வேண்டும்னு போட எடம் பத்தலை போல" என்றது இன்னொன்று.

செல்லையா அண்ணன் திரும்பிப் பார்த்தார். போர்டைப் பார்த்துவிட்டுக் கொட்டகையைத் தாண்டி என்னைத் தேடிப் பிடித்தார்.

"ஏத்தா, யாரு சொல்லி இப்படி வெட்டுன?"

என் மனதில் இருந்ததெல்லாம் அந்தக் காம்புதான். எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன்.

"நீங்கதாண்ணே வெட்டச் சொன்னீக."

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். ரெண்டு பேர் நாற்காலியை விட்டு எழுந்து சிரித்தார்கள். காம்பு என்ற சொல்லை நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வரவில்லை.

"நான் வெலகணும்னு நானே வெட்டச் சொன்னேனா? சரி. வெலகுறேன். அம்புட்டுத்தான?" என்றார் மைக்கில்.

மைக்கை அவர் கீழே வைப்பதற்குள் தங்கராசு எழுந்துவிட்டார். "தலைவரோட பெருந்தன்மைய சங்கம் மனசார ஏத்துக்குது" என்று சொல்லிக் கை தட்ட ஆரம்பித்தார். தலைவர் சொன்னதற்குச் சிரித்துப் பழகிய மனிதர், கை தட்ட மட்டும் கூச்சப்படுவாரா? அவர் ஆட்களும் தட்டினார்கள். செல்லையா அண்ணன் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். யாராவது ஒருத்தர் வேண்டாம்ணே என்று சொல்வார் என்று நிற்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அவருடைய ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து ஆள் சொல்லட்டும் என்று ஒவ்வொருத்தரும் இருந்தார்கள். செல்லையா அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார்.

நான் காராபூந்தித் தட்டிலிருந்து புள்ளியைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பின்பக்கத்துப் பசை காய்ந்து பொருக்காகிப் போயிருந்தது.

"அண்ணே, இங்கன பாருங்க. பசை விட்டுப்போச்சு. காத்துல விழுந்துருச்சு."

அவர் நிற்கவில்லை. "புள்ளி தானா விழாதுத்தா" என்றார்.

விழும் என்று சொன்னவள் நான். விழாது என்று சொன்னவர் அவர். இப்போது அதையே எனக்கு எதிராகச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

4. சங்கத்துக்குச் செய்த சேவை

புதுத் தலைவர் தங்கராசு போட்ட முதல் தீர்மானம் என் கார்டு. தீர்மானத்தில் 'சங்கத்துக்குச் செய்த சேவையைப் பாராட்டி' என்று ஒரு வரி வேறு. கார்டைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார்.

"அண்ணே, அது காத்துல விழுந்ததுண்ணே" என்றேன்.

"அப்படியே சொல்லிக்கிட்டு இரு" என்று கண்ணைச் சிமிட்டினார். "நீ வெவரமான ஆளுத்தா."

கார்டில் தொழில் என்ற இடத்தில் ஓவியர் என்று போட்டிருந்தது. இன்றுவரை நான் பிரஷ் பிடித்ததில்லை. மேடையின் கீழ் மூலையில் 'ரஹ்மத்' என்று முதல் தடவை வெட்டி வைத்தபோது சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெட்டத் தெரிந்தவள் என்று கொடுத்திருந்தால் வந்திருக்கும். கவிழ்க்கத் தெரிந்தவள் என்றல்லவா கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் வேலை வந்து குவிந்தது. பாதிப் பேர் வேலையைப் பார்த்து வந்தவர்கள். மீதிப் பேர் கதையைக் கேட்டு வந்தவர்கள். சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வந்து, மச்சினன் பேரில் ஒரு புள்ளி விழ வேண்டும் என்று கேட்டார். மச்சினன் மேடையேறுகிற நேரத்தைச் சொன்னால் சரியாக அப்போது விழுகிற மாதிரி வைக்க முடியுமா என்றும் கேட்டார். ஒரு மண்டபக்காரர் தாலி கட்டி முடியும்வரை நான் எழுத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும் என்று பேசித்தான் வேலை கொடுத்தார். எல்லாரிடமும் காற்று, காற்று என்று சொல்லி என் தொண்டை வற்றியது.

"பேசாம அந்தக் காத்துக்கும் ஒரு கார்டு வாங்கிக் குடுத்துருவமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

பிறகு பிளெக்ஸ் வந்தது. போர்டு எழுதினவர்களில் பாதிப் பேர் பிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள், தங்கராசு சொந்தமாகவே ஒரு கடை போட்டார். மேடைக்குப் பின்னால் விளக்குப் போட்டால் ஜொலிக்கிற சாமான் பேப்பர்தான் என்பதால் என் வேலைக்குக் குறைவில்லை. செல்லையா அண்ணன் சங்கத்துப் பக்கமே வரவில்லை. வீட்டிலிருந்தே போர்ட்ரெயிட் போட்டுக்கொண்டிருந்தார். ரோட்டில் எதிரே என்னைப் பார்த்தால் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார். கார்டு என் பையில் இருந்தது. ஆர்ட்டிஸ்ட் என்று சொல்ல வேண்டிய வாய் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது ஆறவே இல்லை.

5. கொஞ்சம் தடியாவே

ரெண்டாயிரத்துப் பத்தில் ஒரு நாள் காலையில் செல்லையா அண்ணன் என் வீட்டு வாசலில் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. "காதர் இருக்காப்லயா?" என்று கேட்டார். இல்லை என்றதும் போய்விடுவார் என்று நினைத்தேன். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"மகளுக்குக் கல்யாணம். மேடைக்குப் பேரு வெட்டணும். பொண்ணு முத்துச்செல்வி. மாப்ள கார்த்திக்."

டீ போட்டுக் கொடுத்தேன். ஊர்ப்பட்ட புள்ளி இருக்கிற பேர்களாகப் பார்த்து ஜோடி சேர்த்திருக்கிறார் மனிதர். எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"காம்பு வைக்கவாண்ணே?"

"பின்ன? வச்சுத்தான் வெட்டணும்." டீயை ஆற்றிக்கொண்டே, "கொஞ்சம் தடியாவே வையி" என்றார்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி ஏதாவது பேசுவார் என்று பார்த்தேன். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கல்யாணத்தன்று மேடைக்குப் பின்னால் ஏணியில் நின்று கயிறு சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கீழே என் வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா குமுளிக்காரர், ஏலக்காய் வியாபாரி. மேடையை அண்ணாந்து பார்த்து, "கொள்ளாமே, நல்லாருக்கே. யாரு வேலை சம்பந்தி இது?" என்று கேட்பது கேட்டது.

"ஏத்தா ரஹ்மத்து, இங்கன வா" என்று கூப்பிட்டார் செல்லையா அண்ணன். இறங்கிப் போனேன். அவர் என்னைக் காட்டிச் சம்பந்தியிடம் சொன்னார்:

"ஒத்தப் புள்ளியில என்னையத் தலைவர் நாற்காலிய விட்டு எறக்குன ஆர்ட்டிஸ்ட் இவுகதான்."

நீ, வா, போ என்றே பேசிப் பழகின வாயில் 'இவுக' வந்தது. அதற்கு முன்னால் ஆர்ட்டிஸ்ட் வந்தது.

"ஒத்தப் புள்ளியிலயா? உள்ளதாம்மா, நெசந்தானா?" என்று சம்பந்தி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

காத்துல விழுந்ததுங்க என்பது நாக்கு நுனியில் தயாராக நின்றது. அத்தனை வருஷமும் கேட்டவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஏணிக்குப் பக்கத்திலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லையா அண்ணனும் பார்த்தார். அவர் கொடுத்த 'ஆர்ட்டிஸ்ட்' என்ற சொல் தனியாக வரவில்லை, இறக்கிவிட்டவள் என்கிற காம்போடு வந்திருந்தது. காம்பை வெட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

"ஆமாங்க. நான்தான்" என்றேன்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். புள்ளிக்குக் காம்பு வைத்து வெட்டுங்கள். அசிங்கமாக இருக்கிறது, எடு என்று எந்தப் பெரிய ஆர்ட்டிஸ்ட் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்காரரோடு வண்டியில் வந்தேன். பைபாஸ் திரும்புகிற இடத்தில் காற்று அடித்தது. நான் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"பாவம், அந்தக் காத்து" என்றார்.